மிச்சம் கேட்ட மச்சான்

என் மச்சான் என்னைத் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன், மனசு ஆறியிருக்கும். "டேங்கிலிருந்து பெட்ரோலை யாராவது இறக்கியிருக்க முடியுமா?" என்று விசாரணை அதிகாரி கேட்டார். "எனக்குத் தெரியாதுங்க" என்றார் மச்சான். மேசைக்கு இந்தப் பக்கம்தான் நான் உட்கார்ந்திருந்தேன். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை. அந்த ஒரு பதிலை வயிற்றில் வைத்துக்கொண்டு பதினோரு வருஷம் புழுங்கினேன்.

மச்சான் என்பது என் அக்கா வீட்டுக்காரர். சின்ன விமானங்கள் மட்டும் ஏறி இறங்கும் ஒரு மைதானத்தில் மெக்கானிக்காக இருந்தார். நான் அங்கே பெட்ரோல் வண்டிக்காரன். அவர் போய்ச் சேர்ந்து ஆறு மாதம் ஆகிறது. நல்லவரா கெட்டவரா என்று தீர்ப்புச் சொல்ல நான் ஆளில்லை. இருந்தபடி எழுதுகிறேன். அக்காவுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் கிடையாது. எழுதச் சொன்னதே அவள்தான்.

மச்சான் முதலில் பஸ் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கிருந்து பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி, விமானத்துக்கு வந்தார். பெண் பார்க்க வந்த அன்றே நான் கேட்டேன், "பஸ்ஸுக்கும் விமானத்துக்கும் என்னங்க வித்தியாசம்?" என்று. "பஸ்ஸு நின்னா இறங்கித் தள்ளலாம் மாப்ள" என்றார். பெண்ணே இன்னும் முடிவாகவில்லை, அதற்குள் நான் அவருக்கு மாப்ள.

கொட்டகைச் சுவரில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தார். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் திருப்புளிக்கும் அதனதன் உருவத்தைப் பலகையில் வரைந்து, கறுப்பு பெயிண்ட் அடித்திருந்தார். சாயங்காலம் ஒரு கறுப்பு உருவம் காலியாகத் தெரிந்தால் வீட்டுக்குப் போகமாட்டார். விமானத்துக்குள்ளே அது விழுந்து கிடக்கிறதா என்று தேடுவார். வீட்டிலும் இதே கூத்துதான். "கொஞ்சம் அசந்தா என்னையும் சுவத்துல வரைஞ்சு மாட்டிடுவாரு" என்பாள் அக்கா. முழங்கை வரை சோப்புத்தூள் போட்டுக் கழுவுவார். ஆனாலும் சோற்றில் கை வைத்தால் பெட்ரோல் வாசம் வரும் என்று அக்கா புலம்புவாள். லாரி வேலை போய் நான் சும்மா கிடந்தபோது பெட்ரோல் வண்டி வேலையை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இந்தச் சின்ன விமானங்களில் பெட்ரோல் இறக்கைக்குள் இருக்கும், பக்கத்துக்கு ஒரு டேங்க். எவ்வளவு இருக்கிறது என்று காட்ட ஓட்டுபவர் முன்னால் ஒரு முள் இருக்கிறது. விமானம் குலுங்கினால் அதுவும் குலுங்கும். அதை நம்பி யாரும் கிளம்பமாட்டார்கள். ஏணிப்படியில் ஏறி, இறக்கைமேல் இருக்கும் மூடியைத் திறந்து, அளவுக் குச்சியை உள்ளே விட்டு எடுத்து, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். குச்சி கடையில் கிடைக்காது. மச்சான் செய்வார். டேங்கைச் சுத்தமாகக் காலி செய்துவிட்டு, ஐந்து லிட்டர் ஊற்றுவார், குச்சியை விட்டுக் கத்தியால் ஒரு கோடு போடுவார். மறுபடி ஐந்து லிட்டர், மறுபடி ஒரு கோடு. கடைசியில் கம்பியைக் காய்ச்சி எண்களைச் சுடுவார். எந்த விமானத்துக்குப் போட்ட குச்சியோ அதற்கு மட்டும்தான் அது பேசும். மாற்றி விட்டால் கையை உடைப்பேன் என்பார். அவர் குச்சியில் முப்பது என்றால் முப்பதுதான். அதைச் சந்தேகப்படுகிற ஆள் அந்த மைதானத்தில் இல்லை.

பல் டாக்டர் ஒருவர் சொந்தமாக இரண்டு பேர் உட்காரும் விமானம் வைத்திருந்தார். முன்னால் இரண்டு சக்கரம், வாலுக்கு அடியில் குட்டிச் சக்கரம் ஒன்று. அதனால் நிற்கும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும். டாக்டர் தங்கமான மனுஷன். நாம் சிரித்தால் முகத்தைப் பார்க்கமாட்டார், பல்லைப் பார்ப்பார். "புகையிலையை விடப்பா, கடைவாய்ப் பல் கெஞ்சுது" என்று என்னிடம் சொல்லாத நாள் கிடையாது. அவருடைய சிநேகிதர் ஒருவருக்குத் தோட்டம் இருந்தது. அங்கே ஒரு புல்தரை. அதில் இறங்க வேண்டும் என்பது அவருக்கு ஆசை. சின்ன டயர் மேடு பள்ளத்துக்கு ஆகாது, பெரிதாகப் போட்டுக்கொடுங்கள் என்று மச்சானிடம் கேட்டார். மச்சான் முறைப்படி அனுமதி வாங்கி, முன்னால் இரண்டும் குண்டு குண்டாகப் பெரிய டயர் மாட்டினார். புது டயரால் எடை எவ்வளவு கூடியிருக்கிறது என்று விமானத்தையே மூன்று தராசில் ஏற்றி நிறுத்தார். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை டாக்டர் வந்தார். ஏணியில் ஏறிக் குச்சியை விட்டார். இடது டேங்க் முப்பது, வலது டேங்க் முப்பது. நான் குழாயைக் கையில் பிடித்தபடி கீழே நின்றேன்.

"ஊத்தவா டாக்டர்?"

"வேணாம்ப்பா. அது சின்னத் தரை, கனமில்லாம போகணும். ரெண்டரை மணி நேரத்துக்கு இருக்கு. போக ஒண்ணு, வர ஒண்ணு. அரைமணி மிச்சம்."

சொல்லிவிட்டு, துணியால் குச்சியைத் துடைத்து மறுபடியும் இரண்டு பக்கமும் விட்டுப் பார்த்தார். என்னிடமும் காட்டினார். முப்பதில்தான் ஈரம் நின்றது. என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

போய் நல்லபடியாக இறங்கினார், மோர் குடித்தார், சிநேகிதர் பிள்ளைகளை ஏற்றி உட்கார வைத்துப் படம் எடுத்தார். திரும்பி வரும்போது, மைதானத்துக்கு இன்னும் பத்து நிமிஷம் இருக்கையில் இன்ஜின் நின்றுவிட்டது. வாய்க்கால் கரையில் இறக்கப் பார்த்திருக்கிறார். மரம் குறுக்கே வந்துவிட்டது. ஆள் அங்கேயே போய்விட்டார். விமானம் அப்படி நொறுங்கியும் தீப்பிடிக்கவில்லை. பிடிக்க அதில் ஒரு சொட்டு பெட்ரோல் இல்லை.

அறுபது லிட்டரோடு போனவருக்கு எப்படித் தீர்ந்தது? ஒழுகின தடம் எங்கேயும் இல்லை. அப்புறம் என்ன, கடைசியாகப் பக்கத்தில் நின்றவன் யார்? டாக்டர் குச்சி பார்த்த பிறகு வரைபடம் வாங்கிவர அலுவலகத்துக்குள் பத்து நிமிஷம் போயிருந்தார். அந்தப் பத்து நிமிஷத்தில் நான் உறிஞ்சிவிட்டேனாம். என் வீட்டில் வந்து தேடினார்கள். ஸ்கூட்டர் பக்கத்தில் ஒரு முழம் ரப்பர் குழாய் கிடைத்தது. ஸ்கூட்டர் வைத்திருக்கிற எவன் வீட்டில் அது இல்லை?

விசாரணை முடிந்து வந்த அறிக்கையில் திருட்டு என்று எழுதவில்லை. போதிய பெட்ரோல் இல்லாமல் கிளம்பியது விமானியின் கவனக்குறைவு என்று எழுதி, பெட்ரோல் நிரப்பும் இடத்தில் மேற்பார்வை போதாது என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள். செத்தவருக்கு ஒரு பழி, எனக்கு ஒரு வரி. மிச்சத்தை ஊர் வாய் பார்த்துக்கொண்டது. எனக்கு 'ஸ்ட்ரா' என்று பெயர் வைத்தார்கள். "டேய், ஸ்ட்ரா வர்றாரு, வண்டி மூடியைப் பூட்டு" என்பான் கேன்டீன்காரன். பெட்ரோல் வண்டியிலிருந்து என்னை எடுத்து, புல் வெட்டும் டிராக்டரில் போட்டார்கள்.

அக்கா ஒரு தடவை வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"ஏண்டா, ரெண்டு லிட்டருக்கு ஆசைப்பட்டா செஞ்ச?"

"நீயே கேக்குறியா?"

"எனக்குத் தெரியும்டா. அவரு வாயத் திறக்காம இருந்ததாலதான் நீ வெளிய இருக்க. உன்னைக் காட்டிக்குடுக்கக் கூடாதுன்னு மனுஷன் தூக்கமில்லாம கெடக்குறாரு. நீ என்னடான்னா அவரோட பேச மாட்டேங்குற."

இதுதான் என்னைக் கொன்றது. ஊரில் நான் திருடன். அக்கா வீட்டில், நான் செய்த திருட்டை மூடி மறைத்த மகான் அவர்.

விசாரணை நாளிலிருந்தே அவரோடு பேச்சில்லை. ஆனால் வேலை ஒரே மைதானத்தில். என் டிராக்டர் கொட்டகை வாசலில் நின்றால், "வாட்ச்மேன், அத நகத்தச் சொல்லு" என்பார். "வாட்ச்மேன், இன்ஜின் சூடு ஆறட்டும்னு சொல்லு" என்பேன் நான். நடுவில் நிற்கிற வாட்ச்மேன், "நான் என்னய்யா டெலிபோன் கம்பியா, ரெண்டு பேரும் என் வழியா பேசுறீங்க" என்று தலையில் அடித்துக்கொள்வான்.

அந்த விபத்துக்கு அப்புறம் மச்சான் ஆளே மாறிப்போனார். எந்த விமானம் கிளம்பினாலும் போய் எதிரில் நிற்பார். ஒருநாள் ஜவுளிக் கடைக்காரர் ஒருவர் கிளம்பினார். நான் பக்கத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இறங்கும்போது மிச்சம் எவ்வளவுங்க?" என்றார் மச்சான்.

"கால் டேங்க் இருக்கும்."

"டேங்க் கணக்கு வேணாம். மணிக் கணக்கு சொல்லுங்க."

"ஒரு அரைமணி."

"எதிர்காத்து அடிச்சா அது கால்மணி. இறங்க வேண்டிய இடத்துல மழை பெஞ்சா அதுவும் இல்ல. ஒரு மணி நேரம் மிச்சம் இருக்குற மாதிரி ஊத்திக்கிட்டுப் போங்க."

"பொண்ணு குடுத்த மாமனார்கூட என்னை இவ்வளவு கேக்கல."

"அவரு கேக்காம விட்டதுக்கு நான் என்ன பண்ண? ஊத்துங்க."

இப்படித்தான் அவருக்கு 'மிச்சம்' என்று பெயர் வந்தது. ஸ்ட்ராவும் மிச்சமும் மாமன் மச்சான் என்று சொல்லிச் சிரிப்பார்கள். ஒவ்வொரு விமானத்திலும் கடிகாரக் கண்ணாடியில் பெயிண்ட் அடித்தார். வலது பாதி பச்சை, இடது பாதி சிவப்பு. பெரிய முள் பச்சையில் ஓடும்போது வலது டேங்க், சிவப்புக்குப் போனதும் பெட்ரோல் குமிழைத் திருப்பி இடது டேங்க். இப்படி மாற்றி மாற்றிக் குடித்தால், ஒரு டேங்க் நிறைய வைத்துக்கொண்டு இன்னொன்று காலியாகி இன்ஜின் நிற்கும் கொடுமை வராது. கொட்டகைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு வரியும் எழுதி வைத்தார்: "சக்கரத்தைத் தொட்டால் குச்சியைப் புதிதாகப் போடு." சக்கரத்துக்கும் பெட்ரோலுக்கும் என்ன சம்பந்தம், கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நான் நினைத்தேன். பதினோரு வருஷம் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் டிராக்டர் ஓட்டினேன். எனக்கு உறைக்கவில்லை.

அந்தப் பதினோரு வருஷத்தில் எங்கள் மைதானத்திலிருந்து போன ஒரு விமானம்கூடப் பெட்ரோல் இல்லாமல் இறங்கியதில்லை. அது அவர் செய்தது. அதை இல்லை என்று சொல்லமாட்டேன்.

பிறகு அவருக்கு வயிற்றில் கட்டி வந்தது. அறுத்துப் பார்த்துவிட்டு அப்படியே தைத்து அனுப்பிவிட்டார்கள். அவருடைய பெண்கள் இருவரும் கல்யாணமாகித் தூரத்தில் இருந்தார்கள். வந்து பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். அதற்கடுத்த வாரம் அக்கா என் வாசலில் வந்து நின்றாள்.

"உன்னைக் கூப்பிடுறாரு."

"வாட்ச்மேன்கிட்ட சொல்லிவிடச் சொல்லு."

"வாட்ச்மேன் ரிட்டயராகி மூணு வருஷம் ஆச்சுடா பாவி. வா."

போனேன். மத்தியான வெயில் ஜன்னல் வழியாகக் கட்டிலில் விழுந்துகொண்டிருந்தது. முழங்கை வரை கழுவுகிற அந்தக் கை குச்சி மாதிரி ஆகியிருந்தது. பக்கத்து மேசையில் ஒரு தாள் விரித்து, ஒவ்வொரு மருந்து பாட்டிலுக்கும் வட்டம் வரைந்து, அதனதன் வட்டத்தில் வைத்திருந்தார். பதினோரு வருஷம் கழித்து நேராக என்னிடம் பேசிய முதல் வார்த்தை, "மாப்ள, அந்த டிபன் டப்பாவுல பாதி தண்ணி புடிச்சுட்டு வா" என்பது.

நீள டப்பா. பிடித்துக்கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஒரு ஸ்பூன் காம்பைப் பின் ஓரத்தில் செங்குத்தாக விடச் சொன்னார். எதுவரை நனைந்தது என்று நகத்தால் அடையாளம் வைத்தேன். பிறகு டப்பாவின் முன்பக்கத்துக்கு அடியில் ஒரு நோட்டுப் புத்தகத்தைச் செருகச் சொன்னார். தண்ணீர் பின்னால் சரிந்து ஏறியது.

"இப்ப விடு. எவ்வளவு?"

"கூட நனையுது."

"தண்ணி கூடிச்சா?"

கூடவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டேன். பெரிய டயர். மூக்கு நாலு அங்குலம் தூக்கிக்கொண்டது. இறக்கைக்குள் பெட்ரோல் பின்னால் சரிந்தது. டேங்கின் மூடி இருப்பது பின்பக்கத்தில். இருபத்திரண்டு லிட்டர்தான் இருந்தது, குச்சி முப்பது என்று பேசியது. பக்கத்துக்கு எட்டு, இரண்டு பக்கமும் பதினாறு. டாக்டருக்கு இருந்தது இரண்டரை மணி நேரம் இல்லை, ஒன்றே முக்கால் மணிக்குக் கொஞ்சம் கூட.

"எடை போட்டேன், பிரேக் பார்த்தேன், எல்லாம் பார்த்தேன். குச்சி மட்டும் நெனப்புல வரல. டயருக்கும் டேங்குக்கும் யாரு முடிச்சுப் போடுவா, சொல்லு" என்றார்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

ஒரு மருந்து பாட்டிலை அதன் வட்டத்துக்குள் சரியாக நகர்த்தினார்.

"விசாரணை அன்னைக்குக் காலையில. நம்ம மைதானத்து கிளப் விமானமும் டாக்டரோடது மாதிரிதானே. சக்கரத்துக்கு அடியில பலகை வச்சுத் தூக்கிக் குச்சி விட்டுப் பார்த்தேன். ஏழு மணிக்குத் தெரிஞ்சுது. பதினோரு மணிக்கு விசாரணை."

"தெரிஞ்சுக்கிட்டேதான் தெரியாதுன்னு சொன்னீங்க."

"ஆமா."

"ஏன்?"

"லைசென்ஸ் போயிடும் மாப்ள. ரெண்டு பொண்ணு, ரெண்டும் படிச்சுக்கிட்டு இருந்துச்சுங்க." மூச்சு வாங்கினார். "உன்னை ஜெயில்ல போட மாட்டாங்க, குழாய் ஒண்ணும் சாட்சி இல்லன்னு தெரியும். உனக்குப் போறதுக்கு என்ன இருக்குன்னு நெனச்சேன். அப்படித்தான் நெனச்சேன். பொய் சொல்லல."

அந்த நேரத்தில் அவர் எழுந்து நிற்கிற உடம்போடு இருந்திருந்தால் அடித்திருப்பேன். எனக்குப் போகிறதற்கு என்ன இருந்தது என்று அவருக்குப் பட்டியல் போட்டுச் சொல்லத் தோன்றியது. பெட்ரோல் வண்டி போனது. என் மகனுக்குப் பார்த்த பெண் வீட்டார் 'ஸ்ட்ரா' என்ற பெயரைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்கள். கூடப்பிறந்தவள் என் வீட்டில் கை நனைக்காமல் பதினோரு வருஷம் போனது. சொல்வதற்குப் பதிலாக, டப்பாவை எடுத்துப்போய்த் தண்ணீரைக் கொட்டிவிட்டு வந்தேன்.

"எழுது" என்றார். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். அவரால் பேனா பிடிக்க முடியாது. அவர் சொல்லச் சொல்ல, ஒரு பக்கம் எழுத ஒன்றரை மணி நேரம் ஆனது. டயர், குச்சி, எட்டு லிட்டர், காலை ஏழு மணி, எல்லாம் ஒன்றுவிடாமல். விசாரணை அலுவலகத்துக்கு ஒன்று, பல் டாக்டர் மனைவிக்கு ஒன்று. கையெழுத்து மட்டும் அவரே போட்டார். கோணல்மாணலாக வந்தது. அலுவலகத்திலிருந்து இரண்டு மாதம் கழித்துக் கடிதம் கிடைத்தது என்று ஒரு அட்டை வந்தது, அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

டாக்டர் மனைவிக்கு எழுதியதை நானே மறுநாள் கொண்டுபோனேன். முன்னறையில் நோயாளி உட்காரும் அந்தப் பழைய நாற்காலி இன்னும் இருந்தது, அதன்மேல் துணி மடித்து வைத்திருந்தார்கள். அந்த அம்மா நின்றபடியே படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார்.

"குச்சியை அவரு ஒழுங்கா பார்த்தாரா?"

"ரெண்டு தடவை பார்த்தாருங்க. துடைச்சுட்டு மறுபடியும் பார்த்தாரு. எனக்கும் காட்டினாரு."

"அவசரப்பட்டுப் போயிட்டாருன்னுதான் என் பையன்கிட்ட சொல்லிச் சொல்லி வளத்தேன். அப்பா மாதிரி அவசரக்காரனா இருக்காதடான்னு." கடிதத்தை நான்காக மடித்தார். "எத்தனை தடவை சொல்லியிருப்பேன்."

மடித்ததை நாற்காலியில் இருந்த துணிமேல் வைத்தார்.

"உங்க மச்சான் எப்படி இருக்காரு?"

"நாலஞ்சு நாள் தாங்கும்கிறாங்க."

"நான் வந்து பார்ப்பேன்னு நெனச்சு அனுப்பியிருந்தா, வரமாட்டேன்னு சொல்லிடுங்க." கதவு வரை வந்தவர், "உங்களையும் நாங்க தப்பா நெனச்சோம். அதுக்கு மன்னிச்சுக்கங்க" என்றார். பதினோரு வருஷத்தில் என்னிடம் அதைச் சொன்ன ஒரே ஆள் அந்த அம்மாதான். தெருமுனை டீக்கடை வரை நடந்து போய்த்தான் என்னால் அழ முடிந்தது.

திரும்பி வந்து மச்சானிடம் அப்படியே சொன்னேன். கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். "சரி, அது நியாயம்" என்றார். சமையலறையில் அக்கா கஞ்சிக்கு அரிசி களைகிற சத்தம் கேட்டது. கடிதம் எழுதியது அவளுக்குத் தெரியும், என்ன எழுதினோம் என்று தெரியாது. விமானச் சமாசாரம் என்று சொல்லி வைத்திருந்தார். கொஞ்சம் முன்புதான் எனக்கு டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "இப்பவாவது அவரு பெருமை உனக்குப் புரிஞ்சுதே" என்று முதுகில் தட்டிவிட்டுப் போயிருந்தாள்.

"அவகிட்ட சொல்ல எனக்குத் தைரியம் வரல மாப்ள" என்றார்.

"ஆபீஸுக்கே எழுதிட்டீங்க. அப்புறம் என்ன?"

"ஆபீஸுல முப்பது வருஷம் குடித்தனம் பண்ணலியே."

"உங்க காலத்துக்கு அப்புறம் சொல்லிக்கிறேன். இருக்குற நாலு நாள் நிம்மதியா இருங்க." இதை நான்தான் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை. பதினோரு வருஷமாக, நான் திருடன் இல்லை என்ற அந்த ஒரு வார்த்தை அக்கா காதில் விழ வேண்டும் என்று தவித்தவன் நான்.

மச்சான் தலையை ஆட்டினார். என் சட்டைக் கையைப் பிடித்தார். பிடியில் பலம் இல்லை.

"நான் போன பிறகு சொன்னா நீ கட்டிவிட்ட கதைம்பா. நம்பமாட்டா. நான் இருக்கும்போதே சொல்லணும். கேட்டுட்டு இங்க வந்து திட்டட்டும், கஞ்சியத் தூக்கி மூஞ்சியில ஊத்தட்டும். இப்பவே போ மாப்ள. எல்லாத்தையும் சொல்லு, பாதி சொல்லாத. போகும்போது கதவ மட்டும் சாத்தாத. நீ சொல்றது எனக்குக் கேக்கணும்."